பழைய வேடத்தில் புதிய பாவைகள்



களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அண்மையில், கொழும்பு மாநகரின் வட அந்தத்தில் இருக்கிறது மட்டக்குளி. மேற்கே கடல்; வடக்கே ஆறு. காக்கைத்தீவுப் பக்கமிருந்து மாலையில் வீசும் காற்றில் எப்போதும் உப்பு உண்டு. யன்னற் கம்பியும் துவிச்சக்கர வண்டியும் இங்கே துருப்பிடிக்கும் வேகத்தைக் கண்டவர்கள், இரும்பாலான எதையும் இவ்வூரிற் பத்திரப்படுத்தி வைக்கலாம் என்று நம்பமாட்டார்கள். அத்தகைய ஊரில், எங்கள் ஒழுங்கையிலேயே, மூன்றே முக்கால் அங்குல உயரமான பிளாஸ்டிக் பாவைகளைக் கண்ணாடி அலுமாரியொன்றில் அடுக்கி, ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலங்களை அவற்றின் காலடியில் வைத்துப் போற்றிவருகிறார் ஓர் அன்பர். வயது ஐம்பதைக் கடந்தவர். துறைமுகத்தோடு தொடர்புடைய கணக்கு வேலை செய்பவர். முதன்முறை அந்த அலுமாரியைக் கண்டபோது, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைத் தகப்பன் பறித்துப் பூட்டிவைத்திருக்கிறார் என்றே எண்ணினேன். பிள்ளைகள் வளர்ந்து தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அப்பாவைகளில் ஒன்றை அட்டையோடு என் கையில் தந்தார். அட்டையிலிருந்த படம் 1978ஆம் ஆண்டின் படம். எழுத்தின் வடிவமும் அக்காலத்தது. அட்டையின் ஓரங்கள் பல வருடம் கடையிற் கிடந்து தேய்ந்தவைபோல வெளுத்திருந்தன. ஆனால் அந்தத் தேய்வு அச்சிடப்பட்ட தேய்வு! பின்புறத்தில் உற்பத்தியாண்டு 2019 என்றிருந்தது. பழையதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே புதிதாகச் செய்யப்பட்ட பொருள் அது. இத்தகைய பொருள்களை உலகின் பல நாடுகளிலும் வளர்ந்த மனிதர்கள் தேடி வாங்குகிறார்கள். இது எவ்வாறு உண்டாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விளையாட்டுப் பாவை தமிழருக்குப் புதியதன்று. சிந்துவெளி மண்ணிலே சுடுமண் வண்டிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. சிறுவர் உருட்டிய மூன்றுருளைச் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. சங்கப் பாடல்களிலே மகளிர் மணலில் வண்டற்பாவை செய்கின்றனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே பெயரிட்டனர். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஆகியவற்றை அறியாத தமிழ் வீடு முன்னாளில் அரிது. நவராத்திரிக் கொலுவை எண்ணிப் பாருங்கள். பாட்டி வைத்த பொம்மைகளோடு ஆண்டுதோறும் புதிய பொம்மை ஒன்றேனும் சேர்கிறது. அந்தப் புதிய பொம்மையும் மதுரை விளாச்சேரி போன்ற ஊர்களிலே தலைமுறையாக வந்த அச்சில் வார்க்கப்பட்டதாக இருக்கலாம். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் துணியிற் சுற்றிப் பெட்டியிலிடுகிறோம். பழைய அச்சில் புதிய பொம்மை செய்வதும், அதைக் கையாற் புழங்காமல் படியில் ஏற்றிப் பார்ப்பதும் நமக்கு விந்தையான காரியங்களல்ல. அமெரிக்கர் இதனை இப்போதுதான் கண்டுபிடித்தவர்போல வியக்கிறார்கள்.

ஆயினும் அலுமாரியிலிருந்த பாவைகளின் வமிசம் வேறு. ஐரோப்பாவில் ஆண்பிள்ளைகளின் பாவை என்றால் ஈயச் சிப்பாய்தான். உள்ளே வெறுமையாக இருக்கும்படி ஈயத்தை வார்க்கும் முறையை 1893ஆம் ஆண்டு இலண்டனில் பிரிட்டன் என்னும் குடும்பத்தார் கைக்கொண்டபின் அச்சிப்பாய்கள் மலிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தகரத்தின் காலம் வந்தது. 1945ஆம் ஆண்டு திசம்பரில், தோற்றுக் கிடந்த யப்பானில், அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த உணவுத் தகரங்களை வெட்டிச் சிறிய ஜீப் வண்டிகள் செய்து விற்றார் கொசுகே என்பவர். வென்றவனின் குப்பையிலிருந்து வென்றவனின் வாகனத்தையே பொம்மையாக்கிய அந்த மனிதரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நமது கொழும்பிலும் தகரத்துக்கு ஒரு காலம் இருந்தது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி ஆடிவேல் புறப்படும் நாட்களிலும், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளிலும் நடைபாதை வியாபாரிகள் நீர்த்தொட்டி வைத்துத் தகரப் படகுகளை ஓடவிடுவார்கள். அடியில் சிறு விளக்குத் திரி. அதன் மேல் தீப்பெட்டியிலும் சிறிய கொதிகலம். அதிலிருந்து பின்புறமாக இரு குழாய்கள். கொதித்த நீராவி குழாயிலுள்ள நீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீர் மீண்டும் உள்ளே ஏறும். படபடவென்ற ஒலியுடன் படகு வட்டமிடும். தோமஸ் பியோ என்பவர் 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கருவி இது. ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின் நீராவியின் ஆற்றலைக் கற்பிக்க இதனினும் நல்ல உபகரணத்தை நான் கண்டதில்லை. எனது சிறுபிராயத்திலே, 1960களின் இறுதியிலும் அதன் பின்னும், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் எம்போன்றோர் வீட்டுக்கு வருவதில்லை. நூற்கட்டையும் இறப்பர் வளையமும் தீக்குச்சியும் சேர்த்து நாமே தாங்கி செய்வோம். அது மேசைமீது ஊர்ந்து புத்தகத்தில் ஏறும்.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு தந்திரம் நடந்தது. 1959ஆம் ஆண்டு மாட்டெல் நிறுவனம் பார்பி என்னும் பாவையை வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டிற்று. உடைமாற்றும் பாவையை ஆண்பிள்ளைகளுக்கும் விற்க இயலாதா என்று எண்ணிய ஸ்டான் வெஸ்டன் என்பவர், படைவீரப் பாவை ஒன்றைப் பற்றிய யோசனையை ஹாஸ்புரோ நிறுவனத்துக்கு ஓர் இலட்சம் டொலருக்கு விற்றார். அந்நிறுவனத்தின் டொன் லெவீன் அதற்கு உருக்கொடுத்தார். 1964ஆம் ஆண்டு ஜீ. ஐ. ஜோ என்னும் பெயரில், 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், 21 அசையும் உறுப்புகளோடு அது வெளிவந்தது. பாவை என்றால் எந்தப் பையனும் தொடமாட்டான், எந்தத் தகப்பனும் வாங்கமாட்டான் என்று அஞ்சிய நிறுவனத்தார், அதற்கு ‘அக்‌ஷன் ஃபிகர்’ என்று நாமகரணம் செய்தனர். வீரப்பாவை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெயர்தான் மாறியது; பார்பியைப் போலவே அவனுக்கும் சட்டை மாற்றலாம், தொப்பி மாற்றலாம், ஒவ்வொன்றுக்கும் தனியே பணம் கொடுக்கலாம்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு பிளாஸ்டிக்கின் விலை ஏறிற்று. பெரிய பாவைகளுக்கு இறங்குகாலம் தொடங்கியது. 1977ஆம் ஆண்டு மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் திரைப்படம் வெளியாகியபோது அதன் பாவை உரிமை கென்னர் என்னும் கம்பெனியிடம் இருந்தது. பாவையின் உயரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டபோது, கென்னரின் தலைவர் பெர்னாட் லூமிஸ் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஓர் இடைவெளியைக் காட்டினாராம். அளந்து பார்த்தால் மூன்றே முக்கால் அங்குலம் என்பர். அந்த அளவில் செய்தால் பாவை ஏறிச் செல்லும் விண்கலத்தையும் சிறுவனின் கைக்கு அடக்கமாகச் செய்துவிடலாம். கழுத்து, இரு தோள், இரு தொடை ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் மூட்டு. அழகென்று சொல்லத்தக்க சிற்பமன்று.

ஆனால் படத்தின் வெற்றியை எவரும் எதிர்பார்க்கவில்லை. அவ்வாண்டு நத்தாருக்குள் பாவைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. கென்னர் என்ன செய்தது தெரியுமா? வெறும் உறையை விற்றது! உள்ளே ஓர் அட்டை மேடையும், சில ஒட்டுப்படங்களும், உரிமைச் சீட்டொன்றும் இருந்தன. சீட்டை அஞ்சலில் அனுப்பினால் 1978ஆம் ஆண்டின் முற்பகுதியில் நான்கு பாவைகள் வீடு வந்துசேரும். நத்தார் மரத்தடியில் பொம்மை என்று நம்பி உறையைப் பிரித்த பிள்ளைகள் வாக்குறுதி ஒன்றையே கண்டார்கள். கென்னர் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1978இல் 12 பாவைகளுடன் தொடங்கிய வரிசை 1985 வரையில் நூறுக்கு அண்மித்தது. 1982ஆம் ஆண்டு ஹாஸ்புரோ தன் படைவீரனை அதே மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கி மீண்டும் இறக்கியது. அதே ஆண்டில் ஹீ-மான் என்னும் தசைத்திரள் வீரனை மாட்டெல் கொண்டுவந்தது.

இவை செய்யப்படும் முறையை அறியாமல் இவற்றின் பிற்கால வரலாறு விளங்காது. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு எஃகு அச்சினுள் செலுத்தியே பாவை வார்க்கப்படுகிறது. பாவைக்கு ஆகும் செலவு சொற்பம். அச்சுக்கு ஆகும் செலவே மிகுதி. ஆதலால் ஓர் அச்சைச் செய்தவன் அதிலிருந்து இயன்றவரை பிழிந்தெடுக்கவே பார்ப்பான். ஹீ-மான் வரிசையில் ஒரே அச்சில் வார்த்த உறுப்புகள் வெவ்வேறு பாவைகளுக்கும் பயன்பட்டன.  அவ்வாறே, ஒரு நாட்டில் விற்று ஓய்ந்த அச்சு கப்பலேறி இன்னொரு நாட்டுக்குப் போகும்.

அவ்வாறு கப்பலேறிய அச்சுகளுட் சில நம் அயலுக்கும் வந்தன. சென்னைத் திருவொற்றியூரிலே 1946ஆம் ஆண்டு மாம்மன் மாப்பிள்ளை என்பவர் சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் தொழிலே பிற்காலத்தில் எம். ஆர். எப். என்னும் மாபெரும் இறப்பர்ச் சக்கரக் கம்பெனியாயிற்று. அக்கம்பெனி 1987ஆம் ஆண்டு ஹாஸ்புரோவோடு கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்னும் பொம்மை நிறுவனத்தைச் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. தொழிற்சாலை கோவாவில் அமைந்தது. பின்னாளில் தமிழ்நாட்டு இராணிப்பேட்டையிலும் ஒன்று எழுந்தது. அமெரிக்காவில் உற்பத்தி நின்றுபோன ஜீ. ஐ. ஜோ பாவைகள் இங்கே பல ஆண்டுகள் தொடர்ந்து வார்க்கப்பட்டன. அச்சு பழையது, ஆனால் வர்ணம் இங்குள்ளவர் விருப்பம். அங்கே கரும்பச்சையாயிருந்த சட்டை இங்கே கண்ணைப் பறிக்கும் நிறம் பெறும். ஒருவனின் தலை மற்றொருவனின் உடலில் ஏறும். இவற்றைப் பிழை என்று ஒதுக்காமல் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தியாவிலிருந்து தருவித்துப் பெருமையோடு அடுக்கினார்கள். பழைய அச்சில் வார்த்த புதிய பாவையைத் தேடும் வழக்கத்துக்கு, திட்டமிடாமலே கால்கோளிட்டவர்களுள் நம் அயலாரும் உண்டு என்று நான் கருதுகிறேன்.

1978இல் பாவை வாங்கிய சிறுவன் 2010இல் நாற்பதை அண்மித்தான். கையில் பணமும் வந்தது. பழைய பாவைகளின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஜாவா என்னும் குள்ள உருவத்துக்கு முதலில் வைனில் மேலங்கி போர்த்தினார்கள். மலிவாகத் தோன்றுகிறதென்று விரைவிலே துணியாக மாற்றினார்கள். அந்த மலிவான வைனில் மேலங்கியே இன்று பெருவிலைச் சரக்கு. முதுகிலிருந்து ஏவுகணை பாயும் போபா ஃபெட் என்னும் பாவை விளம்பரப்படுத்தப்பட்டு, வேறொரு கம்பெனியின் பொம்மை ஏவுகணை தொண்டையிற் சிக்கிக் குழந்தையொன்று இறந்ததையடுத்து, 1979இல் வெளிவராமலே கைவிடப்பட்டது. அதன் மாதிரி ஒன்று 2024ஆம் ஆண்டு ஏலத்தில் ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. குழந்தையின் உயிரைக் காக்க நிறுத்திய பொருளுக்கு இப்படியொரு விலை வைப்பதை என் மனம் ஏற்கவில்லை. ஆயினும் நடந்தது அதுவே.

இந்த ஏக்கத்தைக் கம்பெனிகள் கண்டுகொண்டன. 2010இல் பழைய அட்டை வடிவத்தில் ஹாஸ்புரோ ஒரு வரிசையை வெளியிட்டதோடு, 1979இல் கொடுக்காத ஏவுகணைப் பாவையையும் அஞ்சலில் வழங்கிற்று. முப்பத்தொரு வருடம் தாமதித்த கடன்! 1979ஆம் ஆண்டு ‘ஏலியன்’ என்னும் திரைப்படத்துக்குக் கென்னர் சிறு பாவைகளைத் திட்டமிட்டு, மாதிரிகளோடு கைவிட்டிருந்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சூப்பர்7 நிறுவனம் அம்மாதிரிகளைக் கொண்டு அப்பாவைகளை உண்மையாகவே வார்த்து விற்றது. ஒருபோதும் இல்லாதிருந்த பழைய பொம்மை இவ்வாறு உலகுக்கு வந்தது. 1980களில் நொடித்துப்போன மெகோ கம்பெனி 2018இல் மீண்டும் கடைக்கு வந்தது. 2019இல் ஹாஸ்புரோவின் ‘ரெட்ரோ’ வரிசையும், அதையொட்டி மாட்டெலின் ஹீ-மான் பழைய வடிவ வரிசையும் தொடர்ந்தன. எங்கள் ஒழுங்கை அன்பரின் அலுமாரியில் இருப்பவை பெரும்பாலும் இக்காலத்தவை.

புதியதைப் பழையதென்று விற்கும் வஞ்சகர்களும் உடன் தோன்றினர். வாங்குவோர் பாவையைத் திருப்பி, காலின் பின்புறத்தில் பொறித்த ஆண்டையும் நாட்டையும் பார்க்கவேண்டும். அத்தோடு, 1982ஆம் ஆண்டின் படைவீரனைத் தேடுவோர் ஓர் உண்மையை அறிதல் நலம். அவன் இடுப்பை ஓர் இறப்பர் வளையம் பிணைக்கிறது. முதுகில் எஃகுத் திருகாணி இருக்கிறது. நாற்பது வருடத்தில் இறப்பர் இற்றுப் பாவை இரண்டாகும். மட்டக்குளிக் காற்றிலானால் திருகாணியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை அன்பரிடம் கேட்டேன்: இவ்வளவு ஆசையுள்ளவர், பணம் சேர்த்துப் பழைய பாவை ஒன்றையேனும் வாங்கலாகாதா? அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “மாஸ்ரர், பழசு வேற ஒரு பொடியன்ர சாமான். அவன் விளையாடினது. அதை வாங்கி நான் என்ன செய்யிறது? இது ஒருத்தற்ற கையும் படாதது” என்றார்.

அவர் பிறந்தது வெள்ளவத்தையில். 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோதும் இத்தகைய பாவைகள் புறக்கோட்டைக் கடைகளில் அவர் கண்ணிற் படவில்லை. இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமனார் நான்கு பாவைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலாந்திலே அவற்றைப் பாலிற்றோய் என்னும் கம்பெனி விற்றுவந்தது. பாடசாலை நண்பர்கள் முறைவைத்து வந்து பார்த்துப் போனார்களாம். 1983ஆம் ஆண்டு யூலையில் அந்த வீடு எரிந்தது. அப்போது அவருக்குப் பத்து வயது. தாயும் தமக்கையும் அவருமாகச் சில நாட்கள் அகதிமுகாமில் இருந்துவிட்டு, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். உயிர் தப்பியவர்கள் பொம்மையைப் பற்றிப் பேசுவது தகாது என்று அந்த வயதிலேயே தனக்குத் தெரிந்திருந்ததாகச் சொன்னார். 2019ஆம் ஆண்டு, கனடாவில் வாழும் தமக்கை ஏதோ கடையில் அதே படமுள்ள அட்டையைக் கண்டு, ஒன்றும் எழுதாமல் வாங்கி அனுப்பிவைத்தார். அதிலிருந்து தொடங்கியதே இச்சேகரம். 2020இலும் 2022இலும் அத்தியாவசியமல்லாத பொருள்களின் இறக்குமதி இந்நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலும், ஊருக்கு வருவோர் பெட்டியில் உடுப்புகளின் நடுவே ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தன.

இவரும் இவர்போன்றோரும் பெருங்கம்பெனிகளின் வியாபாரத்துக்கு இரையாகிறார்கள் என்று சொல்வோர் உண்டு. அது பொய்யன்று. அட்டையில் தேய்வை அச்சிட்டு விற்பவனுக்கு நம் நினைவு ஒரு மூலப்பொருள்தான். எனினும் அன்பர் தம் பாவைகளை அட்டைக்குள் விட்டுவைப்பதில்லை. சவரக் கத்தியால் குமிழியை அறுத்து, பாவையை எடுத்து, கை காலை ஒருமுறை அசைத்துப் பார்த்த பின்பே அலுமாரியில் நிறுத்துகிறார். பிரித்தால் விலை குறையும் என்பது அவருக்குத் தெரியும். பிரிக்காமல் வைத்திருப்பவர்களை அவர் குறைகூறுவதுமில்லை, நான் கூறுவேன்.

மேல்தட்டில் முதல் மூன்று பாவைகளுக்குப் பக்கத்தில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. மாமனார் கொடுத்த நான்கில் மூன்று இன்னவை என்று அவருக்கு ஐயமற நினைவிருக்கிறது. நான்காவதைப் பற்றி, அதன் இடக்கை தளர்ந்து எப்போதும் கீழே தொங்கும் என்பது மட்டுமே ஞாபகம். தமக்கையைக் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. மாமனார் காலமாகிவிட்டார். அந்த வரிசையில் வந்த பாவைகளின் படமெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டு அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுவல்ல என்று தெரிந்தவற்றைப் பென்சிலால் அடித்து வருகிறார். நான் கடைசியாகப் போனபோது பதினொன்று மீதமிருந்தன.